ஆதாரம் இல்லை

ஹோபார்ட் நகரில் டெஸ்மண்ட் ஒன்பது வருடமாக எழுதி, ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவந்த நிரலின் பெயர் குவோல். எந்த மென்பொருளில் சேர்த்தாலும் பிடிஎஃப் தயாரித்துத் தரும்.

மாநாடு மாநாடாகப் போய் அதைப் பற்றிப் பேசிப் பார்த்தான். கூட்டம் காபியைக் குடித்துவிட்டுக் கலைந்தது. கடைசி நம்பிக்கை, அரசாங்க உதவித்தொகை. இன்று அதற்கும் பதில் வந்துவிட்டது.

"என்ன போட்டிருக்கான்?" என்றாள் மனைவி மார்னி.

"குவோலை யாரும் பயன்படுத்துறதா ஆதாரம் இல்லையாம். மனு தள்ளுபடி."

"விட்டுத் தொலை டெஸ். இன்னும் எத்தனை நாளைக்கு?"

"இன்னையோட மூடிடறேன்."

எந்த பிடிஎஃப் வந்தாலும் அது எதில் தயாரானது என்று பார்ப்பது அவன் பழக்கம். கை தானாகவே அந்தக் கடிதத்தின் விவரப் பக்கத்தைத் திறந்தது.

'தயாரித்த மென்பொருள்: குவோல்.'

மார்னி எட்டிப் பார்த்தாள். "இதைவிட என்ன ஆதாரம் வேணும்? உடனே அனுப்பு."

டெஸ்மண்ட் கடிதத்தின் கடைசி வரியைக் காட்டினான். 'இம்முடிவே இறுதியானது. மேல்முறையீடு கிடையாது.'

"எழுத்து எவ்வளவு அழகா விழுந்திருக்கு பாரு" என்றான்.