சருகுமானின் சொந்தபந்தம்

உதிர்ந்த பழங்களைப் பொறுக்கித் தின்று பிழைத்த சருகுமானுக்கு முயல் அளவுதான் உடம்பு; தலையில் கொம்பும் கிடையாது. ஆனாலும் புள்ளிமான் கூட்டம் அந்தப் பக்கம் வந்துவிட்டால் போதும், மரத்தின் மேலிருக்கும் மலையணிலைக் கூப்பிட்டுச் சொல்லும்: "பார்த்துக்கோ, எல்லாம் நம்ம ஆளுங்க."

"உன்னைக் கூரன்பன்றின்னுல்ல சொல்றாங்க?" என்று அணில் கேட்டால், சருகுமானுக்கு மூக்கு விடைத்துக்கொள்ளும். "பொறாமை பிடிச்சவங்க வச்ச பேரு அது. நாங்க மான் குலம்."

ஒருநாள் செந்நாய்கள் வந்தன. புள்ளிமான்கள் தெறித்து ஓடின. சருகுமான் தன் மரப்பொந்துக்குள் பாய்ந்து ஒடுங்கியது. பிறந்து சில நாளே ஆன புள்ளிமான் குட்டி ஒன்று, ஓட முடியாமல் பொந்து வாசலுக்கு வந்து நின்றது.

"மாமா, கொஞ்சம் தள்ளிக்கோங்க. நானும் ஒளிஞ்சுக்கறேன்."

உள்ளே இடம் இருந்தது. சருகுமான் நகர்ந்து வந்து வாசலை அடைத்துக்கொண்டது. "யாருக்கு யாரு மாமா? நான் வெறும் கூரன்பன்றி. மானுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. போ, போ!"

குட்டி பக்கத்துப் புதரடியில் படுத்து, மூச்சை அடக்கி, அசையாமல் கிடந்தது. கூட்டத்தைத் துரத்தும் வெறியில் செந்நாய்கள் அதைத் தாண்டிப் போய்விட்டன. பொழுது சாய்வதற்குள் தாய் திரும்பி வந்து, குட்டியை நக்கிக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு போயிற்று.

அவை கண்மறைந்ததும் சருகுமான் வெளியே வந்து உடம்பைச் சிலுப்பிக்கொண்டது. "அசையாமக் கிடந்து தப்பிச்சுது பார்த்தியா? நம்ம ரத்தம்!"

அணில் தின்றுகொண்டிருந்த பழத்தின் கொட்டையை அதன் தலைமேல் துப்பியது.

கொட்டையில் ஒட்டியிருந்த சதையை நக்கிக்கொண்டே சருகுமான் குறைபட்டுக்கொண்டது: "மாமன் வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு, ஒரு வார்த்தை சொல்லாமப் போகுது பாரு!"