எறிந்ததெல்லாம் குழாய்

பிராங்கின் சாலைப் பட்டறையில் இரும்பு பறக்கிறது. குழாய்த் துண்டொன்று குழாய் பொருத்துகிற சடையாண்டியின் காதை உரசிப் போய்த் தகரச் சுவரில் மோதுகிற சத்தத்துக்கு, பினாங்குத் துறைமுகத்துக் கப்பலெல்லாம் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். எறிகிறவர் பட்டறைக் கணக்கெழுதும் கிராணி கதிர்காமநாதன். "விசரா! வெட்டி வெட்டி எல்லாத்தையும் குப்பையாக்கிப் போட்டியேடா! புதுக் குழாய் வாற அடுத்த கப்பலுக்கு மூண்டு மாசம். நாளைக்குத் தண்ணி மேலே ஏறேல்லை எண்டால் உனக்கு இஞ்ச வேலையில்லை!" சடையாண்டி சுவரை மட்டும் அளந்திருந்தான், வளைவு மூட்டுக்குள் நுழைகிற மரையின் நீளத்தைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தான். அறுத்த அத்தனையும் குட்டை. சாத்தப்பன் செட்டியார் மாளிகையின் மாடித் தொட்டிக்கு இன்னும் ஒரு முழுக்குழாய் வேண்டும், பட்டறையிலோ ஒன்றுகூட இல்லை. அடுத்த துண்டு அவன் நெற்றியைப் பிளக்கிறது. கூரை ஓட்டை வழியே விழும் உச்சிவெயிலில் ரத்தமும் எண்ணெயும் கலந்து மின்னுகின்றன. அவன் துடைக்கவில்லை. விழுந்த துண்டைப் பிடியில் மாட்டி, நுனியில் மரை வெட்டி, இணைப்பு வளையம் போட்டு முந்தின துண்டோடு சேர்த்து முடுக்குகிறான். கிராணி எறிய எறியக் குழாய் மலைப்பாம்பாக நீண்டு வாசலைத் தாண்டுகிறது. ரிக்‌ஷாக்காரன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறான். மூச்சு வாங்கிக் கிராணியின் கை ஓய்கிறது. சடையாண்டி ரத்த முகத்தை நிமிர்த்திக் கத்துகிறான்: "நிறுத்தாதீங்க லா, கிராணி ஐயா! இன்னும் அரை அடி குறையுது, நல்லா ஓங்கி எறிங்க!"