டிஸ்கஸுக்கு அப்புறம் அபவுட்

‘அபவுட்’ என்ற அந்த ஒரு சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, காகிதத்தை வெங்கடசாமியின் கீபோர்டு மேல் வைத்தாள் ஜெயலக்ஷ்மி.

“இதை எழுதினது நீதானே?”

வெங்கடசாமி ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் படித்தான். அது அவளைப் பற்றி அலுவலகத்துக்கு வந்திருந்த மொட்டைக் கடிதம். கிளையன்ட் விஷயங்களை வெளியாட்களிடம் பேசுகிறாள் என்று ஒரு முழுப் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் குற்றச்சாட்டு.

ஹெச்.ஆர். அதிதி காலையில் அதன் நகலைக் கொடுத்து விளக்கம் கேட்டிருந்தாள். விசாரணை முடியும்வரை ஜெயலக்ஷ்மி லண்டன் போக முடியாது. இன்னும் பன்னிரண்டு நாளில் கிளம்ப வேண்டியவள். ஒன்பது வருடம் உழைத்து வாங்கிய வாய்ப்பு.

“ஐயோ, நான் ஏன்க்கா இப்படி எழுதப்போறேன்?”

“டிஸ்கஸுக்கு அப்புறம் அபவுட் போடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? இந்த ஃப்ளோர்லயே அப்படி எழுதுற ஒரே ஆள் நீதான். உனக்கு இங்கிலீஷ் வராதுன்னு ட்ரெய்னியாவே எடுக்க மாட்டேன்னாங்க. நான் சண்டை போட்டு உள்ள கொண்டுவந்தேன். அதுக்கு இதுதான் நன்றியா?”

சந்தாபுராவில் கன்னட மீடியம் படித்துவிட்டு வந்தவன் அவன். பக்கத்தில் உட்கார்ந்து அவனுடைய மெயில்களைத் திருத்தி அனுப்பியவள் அவள். அவன் எழுதும் வேடிக்கையான வாக்கியங்களை வீட்டில் கணவன் வைத்தீஸ்வரனிடம் சொல்லிச் சிரித்ததும் உண்டு. அதெல்லாம் சொந்தத் தம்பியைச் சொல்வது போலத்தான்.

வெங்கடசாமிக்குக் கண் கலங்கியது. ஆனாலும் காகிதத்தை விடாமல், வரிவரியாக விரல் வைத்து மறுபடி படித்தான்.

“ஸ்வல்ப நேரம் உக்காருங்கக்கா. இதுல பாதி வார்த்தை எனக்குப் புரியவே இல்ல. மீதியில நீங்க எத்தனை வட்டம் போட்டிருக்கீங்க, பாருங்க.”

“ஒண்ணுதான்.”

“நான் எழுதியிருந்தா ஒரு தப்போட நிக்குமாக்கா?”

ஜெயலக்ஷ்மி காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். ரெஸ்பான்ஸிபிளுக்குப் பின்னால் ஃபார். ரிஃப்ரெய்னுக்குப் பின்னால் ஃப்ரம். எல்லாம் கச்சிதம். நல்ல ஆங்கிலம் தெரிந்த யாரோ, பழி இவன்மேல் விழட்டும் என்று அந்த ஒரு தப்பை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள்.

“ஸாரிடா” என்றாள். அவனை நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

அவள் பார்வை கண்ணாடி அறைக்குள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஸ்ரீஹர்ஷாமேல் போய் நின்றது. லண்டன் பட்டியலில் அவளுக்கு அடுத்த பெயர் அவனுடையது. கான்வென்ட் ஆங்கிலம் வேறு. ஒன்பது வருடமாக அவளுடன் ஒரே மேஜையில் டிபன் பாக்ஸ் திறந்து சாப்பிட்டவன்.

மெட்ரோவில் வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பே கண்முன் நின்றது. கூட இருந்தே குழி பறித்துவிட்டானே!

ஒக்கலிபுரம் வீட்டில் வைத்தீஸ்வரன் கதவைத் திறந்தான். பதிப்பகத்துக்காக அவன் பிழை திருத்திக்கொண்டிருந்த ஆங்கிலப் புத்தகத் தாள்கள் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரவிக் கிடந்தன. நடந்ததை நேரில் சொல்லி அழ வேண்டும் என்று, காலையிலிருந்து அவனுக்கு அவள் போன்கூடச் செய்யவில்லை.

“லண்டன் நின்னுபோச்சுங்க” என்றாள். அதற்குமேல் பேச்சு வரவில்லை.

அவன் அவளை அணைத்துக்கொண்டு முதுகைத் தடவிக் கொடுத்தான். “போகட்டும் விடு. நாம ரெண்டு பேரும் இங்கயே நல்லாத்தானே இருக்கோம்?”

உலகத்தில் நம்புவதற்கு இந்த ஒரு ஆளாவது மிச்சம் இருக்கிறாரே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தபடி கேட்டான்:

“அந்த லெட்டரை வெங்கடசாமிதான் எழுதினான்னு கண்டுபிடிச்சுட்டாங்களா?”