சீட்டாடும் டாக்டர்

“டாக்டர் இல்லையா? டியூட்டி நேரமாச்சே!”

ஆய்வாளர் கேட்டதும் நர்ஸ் முழித்தாள். “கூட்டம் குறைஞ்சுது மேடம்... அதான் கொஞ்சம் வெளியே...”

இந்தப் பகுதி மக்களுக்கு ஆஸ்பத்திரி எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்று ஆராயத்தான் ஆய்வாளர் வந்திருந்தாள். எதிரிலேயே லாரி ஷெட். போன மாதம் ஒரு டிரைவர் ஸ்டியரிங் மேலேயே மயங்கிச் சரிந்தார். அதற்குப் பிறகும் அங்கிருந்து ஒருத்தரும் ஆஸ்பத்திரிப் படி ஏறவில்லை.

“வெளியேன்னா எங்கே?”

நர்ஸ் ஜன்னல் பக்கம் கண்ணைக் காட்டினாள். “எதிர் ஷெட்டுல...”

ஆய்வாளர் விறுவிறுவென்று சாலையைக் கடந்தாள்.

உள்ளே கிரீஸ் வாடை. பழைய டயர் மேல் ஒரு பலகை. சுற்றிலும் டிரைவர்கள். நடுவில், கையில் சீட்டோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார் டாக்டர்!

“சீக்கிரம் இறக்குங்க டாக்டர். கோழி அடைகாக்கிற மாதிரி வெச்சிருக்கீங்களே!” என்றார் ஒரு மீசைக்காரர்.

ஷெட்டே சிரித்தது.

ஆய்வாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நல்லா இருக்கு டாக்டர்! அரசாங்கச் சம்பளத்துல சீட்டாட்டமா?”

“வாங்க மேடம். இந்த ஆட்டம் முடியட்டும், வந்துடறேன்.”

“பந்தயம் வேற உண்டா?”

“பந்தயம் இல்லேன்னா சப்புன்னு இருக்குமே!” மீசைக்காரர் முந்திக்கொண்டார். “இவர் தோத்தா என் லாரியைக் கழுவணும். போன வாரம் கழுவினார், பாவம். பேன்ட் பூரா சேறு!”

“இதை நான் சும்மா விடப்போறதில்ல. மேலிடத்துக்குச் சொல்லத்தான் போறேன்.” போனை எடுத்தாள்.

“ஆட்டம் முடிஞ்சுது!” டாக்டர் சீட்டுகளை விரித்தார்.

மீசைக்காரர் முகம் தொங்கிப்போனது. “இது அழுகுணி ஆட்டம்!”

“அண்ணே, பேச்சு மாறக் கூடாது!” மற்றவர்கள் விடவில்லை. “நாங்க எல்லாரும் தோத்துட்டுக் கையை நீட்டியாச்சு. நீங்க மட்டும்தான் தப்பிச்சுக்கிட்டே இருந்தீங்க.”

வேறு வழியில்லை. மீசைக்காரர் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

டாக்டர் பைக்குள்ளிருந்து ஒரு பட்டையை எடுத்து அந்தக் கையில் சுற்றினார்.

“மூச்சை அடக்காதீங்க அண்ணே. ஊசியெல்லாம் இல்ல, பிரஷர்தான் பார்க்கறேன்.”

ஆய்வாளர் போனைப் பையில் போட்டுக்கொண்டு பலகை ஓரமாக உட்கார்ந்தாள்.

“அடுத்த ஆட்டத்துல எனக்கும் சீட்டுப் போடுங்க!”