பூட்ட மட்டும் அனுமதி

"சாயிமா, லேப்டாப்பை எடு. டேட்டாபேஸ்ல 'கதவைத் திற'ங்கிற கமாண்டையும் சேத்துவிடு. சீக்கிரம்!"

மாஹிம் வீட்டில் போனைக் காதில் வைத்தபடி சாயிமா சிரித்தாள். குர்லாவில் இருக்கும் தன் மீன் குளிரறையின் கதவை லேப்டாப் டேட்டாபேஸ் வழியாகப் பூட்ட மட்டுமே கணவன் ஷகீல் அனுமதி வைத்திருந்தான். திருட எவன் உள்ளே நுழைந்தாலும் கதவைத் திறந்துவிடக் கூடாதாம்.

"நானே போன்ல அழுதாலும் சேக்காதேன்னு சொன்னது யாரு மச்சான்?"

"இது சோதனை இல்லட்டி! கதவு பூட்டிக்கிச்சு. நெசமாவே உள்ள மாட்டிக்கிட்டேன்!"

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. நம்பிச் சேத்ததுக்கு, 'உன்னை மாதிரி ஆளாலதான் எல்லாம் களவு போகுது'ன்னு என்ன ஏச்சு ஏசினீங்க!"

"சாயிமா, பல்லு கிடுகிடுங்குது..."

"நடிப்பு பிரமாதம். இந்தத் தடவை நான் பாஸ். பாங்கு சொல்லியாச்சு, ஜும்மாவுக்குக் கிளம்புங்க."

போனை வைத்துவிட்டாள்.

பிரியாணிக்குத் தம் போட்டு இறக்கும்போது குளிரறையில் வேலை பார்க்கும் ராஹில் கூப்பிட்டான்.

"பாபி, தொழுகை முடிஞ்சு நாங்க எல்லாரும் திரும்பிட்டோம். ஷகீல் சேட் பள்ளிக்கு வரவே இல்லையே, வீட்டுலயா இருக்கார்?"