தட்டிக்கு அப்பால்

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்ததும் திருத்தணியில் காலரா பரவியது. விடுதி மாணவர்களை வீட்டார் வந்து அழைத்துப் போனார்கள். வேதரத்தினத்தின் வீடு பினாங்கில். ஜப்பான்காரன் அங்கே நுழைந்ததிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

அறைத் தோழனுக்கு நோய் கண்டதால், அவனையும் மலையடிவாரக் கொட்டகையில், ஓலைத் தட்டி கட்டிப் பிரித்த ஒரு பக்கத்தில் தனியே வைத்தார்கள். யாருக்காகப் பிழைப்பது என்று சோற்றைத் தொடாமல் கிடந்தான்.

டாக்டர் கவலையோடு சொன்னார்: "தட்டிக்கு அந்தாண்ட மங்கம்மான்னு ஒருத்தங்க, சாப்பிடாம அழுதுகினே இருக்காங்க. நீ பேசிப் பாரேன்."

விசும்பல் கேட்டது. வேதரத்தினம் பதறி எழுந்தான்.

"அக்கா, சாப்பிடுங்க!"

"நீ சாப்ட்டியா?"

அவன் திகைத்தான். "இதோ சாப்பிடறேன். நீங்களும் சாப்பிடணும்."

"ஆங், சரிப்பா."

அன்றிலிருந்து அவளைச் சாப்பிட வைப்பதற்காகவே வேளை தவறாமல் சாப்பிட்டான். பினாங்குக் கடலைப் பற்றி, அம்மாவைப் பற்றியெல்லாம் பேசினான்.

கொட்டகையைத் திறந்துவிட்ட அன்று தட்டிக்கு அப்பால் ஓடினான். திடமான ஒரு பெண் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உடம்பு தேவலையா?"

"எனக்கு என்னிக்குப்பா நோவு வந்துச்சி?" என்றவள், வாசலில் நின்ற டாக்டரைக் காட்டினாள். "நான் இவரு சம்சாரம். உன்னைச் சாப்பிட வைக்க எங்களுக்கு வேற வழி தெரியலப்பா."