துளி நிற்காத குடுவை

“மார்க் ஷீட்ட உள்ள வை. இதக் கழுவிக் காட்டு.”

ஆய்வகத்தை நடத்தும் மேடம் ஒரு கண்ணாடிக் குடுவையை நீட்டினார். பாக்டீரியா வளர்த்த சாறு அடியில் பழுப்பாகக் காய்ந்து கிடந்தது.

நான் இளநிலை இரண்டாம் ஆண்டு. பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளக் கேட்டுப் பத்து ஆய்வகங்களுக்கு எழுதினேன். எட்டுப் பேர் பதிலே போடவில்லை. இரண்டு பேர் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். உள்ளே விட்டால்தானே வரும்?

என் வகுப்பில் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருத்திக்குப் பெரியப்பா பேராசிரியர். இன்னொருவனுக்கு அத்தை டாக்டர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சிபாரிசுக்கு நாதி இல்லை. அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டு திரிந்தேன்.

இது பதினொன்றாவது. இதுவும் இல்லையென்றால் இந்த வருடம் அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் வந்தவனுக்குத் தொண்ணூற்றாறு சதவீதம். குடுவையை இரண்டு தடவை அலசினான், கைக்குட்டையால் துடைத்தான். பிறகு சொல்லி அனுப்புவதாக மேடம் அவனை அனுப்பிவிட்டார்.

நான் துடைக்கவில்லை. பிரஷ்ஷை அடிவரை விட்டுத் தேய்த்தேன். குழாய்த் தண்ணீரில் ஏழு தடவை. காய்ச்சி வடித்த நீரில் மூன்று தடவை. கழுத்தைப் பிடித்துச் சாய்த்து வடியவிட்டேன்.

“எங்க கத்துக்கிட்ட?”

“வீடியோ பாத்து, மேடம்.”

வாய் கூசவில்லை. காதுதான் சுட்டது.

மேடம் என் குடுவையைத் தொட்டியருகே நின்ற அக்காவிடம் கொடுத்தார். பத்தொன்பது வருடமாக அங்கே குடுவை கழுவுகிறவள். சோப்பில் ஊறி விரல் நுனிகள் வெடித்திருந்தன. அவள் சரி என்றால்தான் இந்த ஆய்வகத்தில் சரியாம்.

வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் படலமாக இறங்கும். அழுக்கு இருந்தால் துளித்துளியாக நின்றுவிடும்.

நெடுநேரம் பார்த்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“துளி நிக்கல மேடம். நல்ல வீடியோவா இருக்கும் போல.”

மேடம் சிரித்தார். அங்கிருந்த ஆராய்ச்சி மாணவர்களும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

மாலை ஐந்து மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த அக்காவும் வந்தாள். நிழலில் இடம் இருந்தது. ஆனாலும் பத்தடி தள்ளி வெயிலிலேயே நின்றாள், காலையில் நான் சொல்லி வைத்திருந்தபடி.

ஒரு பேருந்து வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. அது எங்களுடையது இல்லை.

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

“யாரும் இல்ல. அம்மா இப்ப பக்கத்துல உக்காரட்டுமா?”

தலையாட்டுவதற்கு முன்னால், நான் ஒருமுறை ஆய்வக வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.